நான்காவது வகைக்குப் புள்ளிக்கோடு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கம்பெனியில் கைகழுவும் இடத்தில் இருந்த பெரிய கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அங்கே ஒரு திரையை மாட்டினார்கள்.
2. அன்றைக்கு யாருக்கு எந்த மேசை என்று காட்டும் பக்கம் அதில் ஓடும் என்றார்கள். அந்தப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் வேலை எனக்கு வந்தது.
3. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பெட்டி. நிரந்தரமானவர்களின் பெட்டிக்கு முழுக்கோடு, ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு வெட்டுக்கோடு, பயிற்சிக்கு வந்தவர்களுக்கு இரட்டைக்கோடு என்று பார்டர் போட்டேன்.
4. சில மாதங்கள் கழித்து நான்காவதாக ஒரு வகை வருகிறது என்றார்கள். அதற்குப் புள்ளிக்கோடு போட்டேன்.
5. என் அக்காவின் பெட்டியைச் சுற்றிப் புள்ளிகள் வந்தன.
6. அக்கா சந்தோஷப்பட்டாள்.
7. வேறொரு கம்பெனியில் கிடைக்கவிருந்த வேலைக்கு அவள் போகவில்லை.
8. புள்ளிகள் போய்விட்டன.

எழுதிப் பார்த்தால் எட்டு வரியில் முடிந்துவிடுகிறது. எதையும் இப்படி எண் போட்டு எழுதித்தான் நான் யோசிப்பேன். ஆனால் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் நடந்ததை எண் போட்டு எழுத வரவில்லை. அதனால் மீதியைச் சாதாரணமாக எழுதுகிறேன்.

இணையப் பக்கத்தில் இருப்பதெல்லாம் பெட்டிதான். ஒரு படம், ஒரு வரி, ஒரு பொத்தான், எதுவானாலும் அதைச் சுற்றி நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகம் இருக்கும். அந்த விளிம்பைத் தெரியவைப்பது பார்டர். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில் அதற்கு மூன்று விஷயம் எழுத வேண்டும்: எவ்வளவு தடிமன், எந்த மாதிரிக் கோடு, என்ன நிறம். தடிமனையும் நிறத்தையும் எழுதிவிட்டு எந்த மாதிரிக் கோடு என்பதை விட்டுவிட்டால் திரையில் ஒன்றுமே வராது. கல்லூரியில் முதல்முறை அப்படித்தான் விட்டுவிட்டு, வராத கோட்டைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கம் சரியாக அமையாதபோது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாப் பெட்டிகளுக்கும் சிவப்பில் மெல்லிய பார்டர் போட்டுப் பார்ப்போம். எது எதை இடிக்கிறது, எது தன் இடத்தைவிட்டு வெளியே வழிகிறது என்று உடனே தெரிந்துவிடும். சரிசெய்ததும் சிவப்பை எடுத்துவிடுவோம். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். எதனுடைய எல்லை எங்கே என்று கேட்டால் கேட்டவுடன் பதில் வரும்.

எங்கள் ஊர் பொன்னேரிக்குப் பக்கத்தில். அம்மா, அக்கா, நான், மூன்று பேர். அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். இடுப்பு விட்டுப்போன பிறகு போவதில்லை. அக்கா பிளஸ் டூ முடித்ததும் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போய்விட்டாள். நான் படித்தேன். படித்து முடித்த பிறகு, அக்கா வேலை செய்யும் அதே கம்பெனியில், வேறோர் ஏஜென்சி மூலம் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். காலையில் இருவரும் ஒரே ரயிலில் போவோம். ஸ்டேஷனிலிருந்து ஒரே வேன். உள்ளே போனதும் அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். இடப்பக்கம் கார்ப்பெட் போட்டிருக்கும்.

அங்கே கார் முகப்பு விளக்கின் உள்பாகங்களைச் செய்கிறார்கள். விளக்கின் உள்ளே பளபளவென்று ஒரு பூச்சு இருக்குமே, அந்தப் பூச்சு பூசும் கூடத்தில்தான் அக்காவுக்கு வேலை. தூசு ஒன்று விழுந்தாலும் பொருள் வீண் என்பதால் பூ, பவுடர், வளையல், பொட்டு எதையும் உள்ளே விடமாட்டார்கள். கைகழுவும் இடத்தில் பெண்கள் வரிசையாக நின்று பூவையும் வளையலையும் டப்பாவில் போடுவார்கள். ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவார்கள். ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவரவர் பொட்டை அவரவர் எடுத்து வைத்துக்கொள்வார்கள். எது யாருடையது என்பதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

கண்ணாடி போய்த் திரை வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. திரையின் கறுப்புச் சட்டத்தில் ஒட்ட ஆரம்பித்தார்கள். சிவப்பு, மெரூன், பச்சை, கல் வைத்தது, பாம்பு மாதிரி நெளிந்தது. சட்டத்தின் நான்கு பக்கமும் நிறைந்துவிடும்.

ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியை எல்லோரும் ஹெச்ஆர் சார் என்போம். ஒருநாள் என்னை அழைத்துப்போய் அதைக் காட்டினார்.

"ஷோரூம் மாதிரி இருக்கட்டும்னு வாங்கி மாட்டினோம். கோயில் தூண் மாதிரி ஆக்கி வெச்சிருக்காங்க பாரும்மா."

"துடைச்சா போயிடும் சார்."

"துடைச்சேன். மறுநாள் ரெண்டு மடங்கு ஒட்டியிருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. திட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கறுப்புப் பின்னணி வேண்டும், எழுத்தும் கோடும் வெள்ளையில் இருக்கட்டும், கண்ணை உறுத்தக் கூடாது என்று அவர்தான் சொன்னார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு முகம், ஒரு பெயர், அன்றைய மேசை எண். சூப்பர்வைசர்கள் தூரத்திலிருந்து பார்த்தாலே யார் எந்த வகை என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பார்டர். எந்தப் பெயர் எந்த வகை என்பதை அவர்கள் பிரிவிலிருந்து ஓர் எண்ணாக அனுப்புவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த எண் எப்படித் தெரிய வேண்டும் என்பது மட்டும் என் வேலை.

அக்கா இரண்டாவது வகை. சேர்ந்த நாளிலிருந்து இரண்டாவது வகைதான். நடுவில் ஒப்பந்தம் எடுத்தவர்கள் மாறினார்கள், அடையாள அட்டையின் கயிறு நீலத்திலிருந்து பச்சையாகி மறுபடி நீலமானது. அவள் அதே கூடத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

அக்காவோடு ஒரே மேசையில் வேலை செய்தவள் ஆரம்பாக்கம் பக்கத்துக்காரி. ஆந்திர எல்லை அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பாதிப் பேச்சு தெலுங்கு கலந்து வரும். ஆண் பெண் பார்க்காமல் எல்லோரையும் நைனா என்பாள். கிறிஸ்தவக் குடும்பம், பொட்டு வைப்பதில்லை. மற்றவர்கள் திரையின் முன்னால் நிற்கும்போது, "எனுக்கு ஒட்டறதுக்கும் ஒண்ணுமில்ல, பிச்சி எடுக்கறதுக்கும் ஒண்ணுமில்ல. வழி வுடுங்க" என்று இடித்துக்கொண்டு போவாள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவள் அவள்தான். கேன்டீனில் நாஷ்டா வேளையில் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம்.

"டப்பு இங்க குடுக்கறதுதான் அங்கியும்" என்றாள். "ஆனா ஆறு மாசம் தாண்டுனா பர்மனென்ட்டு பண்ணிட்றாங்கோ. என் சின்ன மாமியார் ஊட்டு பொண்ணு போய் ஆயிருச்சி. லைன்ல வேலை தெரிஞ்ச பொம்பளைங்கதான் வோணுமாம். வயசு மட்டும் பாப்பாங்கோ."

"எவ்ளோ வரிக்கும்?" என்று அக்கா கேட்டாள்.

"முப்பத்தஞ்சி. உனக்கு இன்னும் கொஞ்சம் கீதுல்ல?"

"கொஞ்சம்தான் கீது."

"அப்போ இன்னாத்துக்கு யோசிக்கற? அடுத்த மாசம் நேர்ல வரச் சொல்லுவாங்கோ. ரெண்டு பேரும் போலாம். அங்கியும் ஒரே மேசை கேட்டு வாங்கிக்கலாம். உன் மூஞ்சிய பாக்காம எனுக்கு கை ஓடாது."

"தூரமா கீதேடி. ரெண்டு ரயிலு மாறணும்."

"இங்க மட்டும் இன்னா, ஊட்டு வாசல்லியா கீது?"

அக்கா சிரித்தாள். அன்று சாயங்காலமே தன் சான்றிதழ்களை எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாள். அம்மாவிடமும் சொன்னாள். போவதாகத்தான் இருந்தது.

அந்த வாரத்தில்தான் ஹெச்ஆர் சார் என் மேசைக்கு வந்தார்.

"இன்னொரு வகை வருதும்மா. நாலுன்னு வரும். அதுக்கும் ஒரு பார்டர் குடுத்துடுங்க."

"அது என்ன வகை சார்?"

"ரிவ்யூல இருக்கறவங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். முழுக்கோடு, வெட்டுக்கோடு, இரட்டைக்கோடு மூன்றும் தீர்ந்துபோயிருந்தன. மிச்சம் இருந்ததில் தூரத்திலிருந்து தனியாகத் தெரியக்கூடியது புள்ளிக்கோடுதான். அதை மெல்லிதாக வைத்தால் புள்ளிகள் சதுரமாகத் தெரியும். கொஞ்சம் தடிமன் கூட்டினால்தான் வட்டமாகும். வட்டமாகும்வரை கூட்டினேன். கறுப்பின்மேல் வெள்ளைப் புள்ளிகள், சம இடைவெளியில். சுத்தமாக இருந்தது.

எப்படித் தெரிகிறது என்று பார்க்க, மறுநாள் காலை நானும் வலப்பக்கம் போனேன். திரையின் முன்னால் வழக்கத்தைவிடக் கூட்டம். அக்கா பொட்டை விரல்நுனியில் வைத்துக்கொண்டு, ஒட்ட மறந்து நின்றிருந்தாள்.

"இன்னாமே, உன் பொட்டிய சுத்தி புள்ளி புள்ளியா கீது?" என்று ஆரம்பாக்கத்துக்காரி கேட்டாள்.

"எனுக்கு இன்னாடி தெரியும். தோ நிக்கறா பாரு, அவளக் கேளு. அவ போட்டதுதான்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "ரிவ்யூன்னு சொன்னாங்கோ. அவ்ளோதான் எனுக்குத் தெரியும்" என்றேன்.

பக்கத்து மேசையில் வேலை செய்யும் மூத்த பெண் ஒருத்தி, திரையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதுல கேக்கறதுக்கு இன்னா கீது? யார் யாருக்கு புள்ளி வெச்சிகீறாங்கோன்னு பாருங்க. அல்லாம் பழைய கை. ஆயுத பூசை அன்னிக்கு மேனேஜரு மைக்க புட்ச்சிக்கினு இன்னா சொன்னாரு? பழைய ஆளுங்கள கம்பெனி மறக்காதுன்னாரா இல்லியா?"

"அதுக்கும் புள்ளிக்கும் இன்னா சம்பந்தம்?"

"நீ வாசல்ல கோலம் போட்டதே இல்லியா? எடுத்தவொடனே கோடு இழுப்பாங்களா யாராச்சும்? மொதல்ல புள்ளி வெப்பாங்கோ. அப்புறம்தான் கோடு."

எல்லோரும் நிரந்தரமானவர்களின் பெட்டிகளை ஒருமுறை பார்த்தார்கள். அவற்றைச் சுற்றி முழுக்கோடு இருந்தது. வெட்டுக்கோட்டிலிருந்து புள்ளி, புள்ளியிலிருந்து முழுக்கோடு. பார்த்தால் அப்படித்தான் இருந்தது. அந்த வரிசையில் நான் அதை யோசித்துப் பார்த்ததே இல்லை.

"அப்போ எனுக்கு வாசலே இல்லியா நைனா?" என்றாள் ஆரம்பாக்கத்துக்காரி. அவள் பின்னால் சேர்ந்தவள், அவள் பெட்டியில் இன்னும் வெட்டுக்கோடுதான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் அவள் தன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா பொட்டைச் சட்டத்தின் மேல் பக்கத்தில், தன் பெட்டிக்கு நேராக ஒட்டினாள். உள்ளே போனாள்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு மாறியது. பிளாஸ்டிக் உறை பீரோவின் மேல் கிடந்தது. அக்கா அதைத் தொடவில்லை. நிரந்தரமானால் விடுப்புக்குச் சம்பளம் பிடிக்கமாட்டார்கள், அம்மாவின் இடுப்பைக் கம்பெனிக் காப்பீட்டில் காட்டலாம் என்று அடுப்படியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா தெருவில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டாள். "கோடு எப்போ போடுவாங்களாம்?" என்று பக்கத்து வீட்டில் கேட்டபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

நான் நம்பினேனா என்றால், தெரியாது. ஹெச்ஆர் சார் ரிவ்யூ என்று சொன்னதில் நல்லதற்கும் கெட்டதற்கும் இடம் இருந்தது. மூத்த பெண் சொன்னதில் ஒரு கணக்கும் இருந்தது. இத்தனை வருடம் வேலை செய்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்க வேறென்ன காரணம் இருக்க முடியும் என்று நானும் நினைத்தேன். வருடம் கூடக்கூட ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் தொழிலாளர் சட்டத்தில் கொஞ்சம் பிடி கிடைத்துவிடும், அந்தப் பிடி கம்பெனிகளுக்குப் பிடிக்காது என்பதெல்லாம் அப்போது என் தலையில் இல்லை.

அடுத்த மாதக் கடைசி நெருங்கியபோது ஹெச்ஆர் சாரிடமிருந்து இன்னொரு வேலை வந்தது. இந்த முறை நேரில் வரவில்லை, போனில் சொன்னார்.

"ஒண்ணாந்தேதியிலேர்ந்து நாலுக்குப் பார்டர் வேணாம்மா. மேசை எண்ணும் வேணாம். கணக்கு முடியற வரைக்கும் பேரும் ஃபோட்டோவும் மட்டும் இருக்கட்டும்."

"பார்டரை எடுத்துடவா சார்?"

"எடுங்க. ஆனா பக்கத்துல இருக்கறது எதுவும் நகரக் கூடாது. எல்லாரும் அவங்கவங்க இடத்தைப் பழகி வெச்சிருக்காங்க. எடுத்தது தெரியாம எடுக்கணும்."

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பார்டரை இல்லை என்று எழுதினால், அது பிடித்திருந்த இடமும் போய்விடும். பெட்டி சுருங்கும், பக்கத்துப் பெட்டிகள் நகரும், பார்ப்பவர்களுக்கு ஒரு குலுக்கல் தெரியும். அதனால் எடுக்காமல், அதன் நிறத்தை மட்டும் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுவோம். டிரான்ஸ்பரன்ட் என்று எழுதினால் போதும். தடிமன் இருக்கும், இடம் இருக்கும், கோடு மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு சொல்தான். எழுதிவிட்டுக் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்த பிறகு, 'கணக்கு முடியற வரைக்கும்' என்று அவர் சொன்னது மறுபடி காதில் விழுந்தது.

அன்று சாயங்காலம் ரயிலில் அக்காவிடம் சொன்னேன். ஜன்னலோரம் இருவருக்கும் இடம் கிடைத்திருந்தது.

"புள்ளிய எடுக்கச் சொல்லிட்டாங்கோக்கா. ஒண்ணாந்தேதியில இருந்து."

"எடுத்துட்டு? கோடா?"

"கோடு இல்ல. ஒண்ணும் இல்லாம வுடச் சொன்னாங்கோ. மேசை நம்பரும் வாணாம்னாங்கோ. கணக்கு முடிக்கப் போறாங்கோன்னு நெனைக்கறேன். நீ அவளோட அந்தக் கம்பெனிக்குப் போய்ட்டு வந்துடு. இன்னும் நாளு கீது."

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கவரைப்பேட்டை தாண்டியது.

"நெனைக்கறியா, தெரியுமா?"

"நேரா சொல்லல. சொன்ன வெதம் அப்டித்தான் கீது."

"கோலம் போடும்போது நடுவுல நின்னுகினு பாத்தா ஒண்ணும் புரியாது" என்றாள். "கோடு போடறது வேற ஆளு கையில இருக்கும். உனக்கு அல்லாத்தையும் சொல்லுவாங்களா? நீயே கான்ட்ராக்ட்டு."

கோபத்தில் சொல்லவில்லை. உண்மையும்கூட. நான் மறுபடி சொன்னேன், வேறு விதமாக. மூன்றாவது முறையும் சொன்னேன். "சரி, நானே கேக்கறேன்" என்றாள்.

கேட்கவும் செய்தாள். மறுநாள் கூடத்தைச் சுற்றிப்பார்க்க வந்த ஹெச்ஆர் சாரை நிறுத்திக் கேட்டிருக்கிறாள். "உங்க ஃபைல் மேல போயிருக்கும்மா. நல்லா பண்ணிட்டிருக்கீங்க. அப்படியே பண்ணுங்க" என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

அதற்குப் பிறகு நான் அவரிடம் போனேன். மத்தியானம், அவர் தன் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், அந்தப் புள்ளிக்கோட்டை இப்பவே மாத்திடலாமா? வேற எதையாவது வெச்சிடறேன்."

"ஏம்மா? நல்லாத்தானே இருக்கு."

"லைன்ல அதைத் தப்பா புரிஞ்சிக்கிட்டிருக்காங்க சார். பர்மனென்ட் ஆகப்போறதா நினைக்கிறாங்க."

"நான் அப்படிச் சொல்லலியேம்மா."

"இல்லன்னும் சொல்லல சார்."

மூடியைக் கவிழ்த்து அதில் ஊறுகாயை எடுத்து வைத்தார். "பூச்சு டிபார்ட்மென்ட்ல இந்த மாசம் அவுட்புட் நல்லா ஏறியிருக்கு. மேல பாராட்டியிருக்காங்க. இப்பப் போயி ஏன் அதைத் தொடணும்?" பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு லிஸ்ட்டு வருது. நான் அனுப்பறேன், நீங்க காட்டறீங்க. நம்ம ரெண்டு பேர் வேலையும் அவ்ளோதாம்மா."

"அதுல எங்க அக்கா இருக்காங்க சார்."

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்திருந்தார். "தெரியாதும்மா" என்றார். அது பொய் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார். ஆச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் மேசையில், சோதனைக்காக வைத்திருக்கும் பக்கத்தைத் திறந்து, அக்காவின் பெட்டிக்கு மட்டும் முழுக்கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு வரி போதும். அவள் முகத்துக்கு நன்றாக இருந்தது. பார்த்துவிட்டு அழித்தேன். திரையில் மாற்றினால் திரையில் மட்டும்தான் மாறும்.

அந்தக் கம்பெனியில் நேர்முகம் வைத்திருந்த நாளுக்கு முந்தைய சாயங்காலம், வேனில் ஏறும்போது ஆரம்பாக்கத்துக்காரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா கேக்கறேன். வரியா, வரலியா?"

"நீ போய்ட்டு வா. எனுக்கு இங்க ஒரு கோடுதான் பாக்கி."

"கோடு போட்டவொடனே பெரிய மனுசி ஆயிட்டு என்ன மறந்துடாத நைனா."

"உன்ன மறந்தாலும் உன் பேஜாரு மறக்குமா?"

இருவரும் சிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்று, "அக்கா, போயேன்" என்றேன். அவள் என் தலையில் லேசாகத் தட்டினாள். மறுநாள் ஆரம்பாக்கத்துக்காரி அங்கே போனாள், எடுத்துக்கொண்டார்கள். அக்கா வேலைக்கு வந்தாள். அன்று தோழியின் மேசை வேலையையும் சேர்த்துச் செய்தாள்.

ஒன்றாம் தேதி காலை நான் மறுபடி வலப்பக்கம் போனேன். புள்ளிகள் இல்லை. பெட்டிகள் நகரவில்லை, குலுங்கவில்லை. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. கறுப்பில் அக்காவின் முகம் கோடில்லாமல் தனியாக நின்றது.

"புள்ளிய அழிச்சிட்டாங்கோ" என்றாள் மூத்த பெண். அவள் பெட்டியும் அப்படித்தான் இருந்தது. "கோடு போடப் போறாங்கோ."

"மேசை நம்பர காணோமே" என்று யாரோ சொன்னார்கள்.

"வேற டிபார்ட்மென்ட்டா இருக்கும்."

அக்கா பொட்டை ஒட்டிவிட்டுக் கை கழுவினாள். என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அதற்குள் ஹெச்ஆர் அறையிலிருந்து ஒரு பெண் வந்து பெயர்களைப் படித்து, இவர்களெல்லாம் உள்ளே போக வேண்டாம், மாடிக்கு வாங்க என்றாள்.

பதினொரு மணிக்கு மேல் இடப்பக்க வாசலில் அக்கா வந்து நிற்பதாகச் சொன்னார்கள். போனேன். கார்ப்பெட்டுக்கு வெளியே செருப்போடு நின்றிருந்தாள். கையில் ஒரு கவர்.

"கையெழுத்து வாங்கிக்கினாங்கோ" என்றாள். "அட்டையையும் வாங்கிக்கினாங்கோ."

"உக்காருக்கா. தண்ணி எடுத்தாரேன்."

"வாணாம். நான் ஊட்டுக்குப் போறேன்." நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "பொட்டு அங்கியே கீது. அட்டை இல்லாம அந்தப் பக்கம் வுட மாட்டேங்கறான் வாச்மேனு."

"நான் போய் எடுத்தாரேன்."

"வுடு. ஊட்ல ஒரு பொட்டு அட்டை முழுசா கீது."

வேன் சாயங்காலம்தான். ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனாள். எனக்கு ஷிஃப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, வருகைப் பதிவுப் பக்கத்தில் ஒரு பட்டனின் பார்டர் ஒரு பக்கம் மட்டும் தடித்துத் தெரிகிறது என்று வந்திருந்த புகாரைச் சரிசெய்தேன்.

கணக்கு முடிய நாளானது. அதுவரை அக்காவின் முகம் திரையில் இருந்தது. பெண்கள் அதைப் பார்க்காமல் தங்கள் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்கள். திரையைத் துடைக்கும் நாளில் அவளுடைய மெரூன் பொட்டும் போயிற்று. பிறகு முகமும் பெயரும் போயின.

அக்கா எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனிக்கும் போய்ப் பார்த்தாள். அந்த முறைக்கு எடுத்து முடித்திருந்தார்கள். ஆரம்பாக்கத்துக்காரி தன் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கேட்டாள். அடுத்து எடுக்கும்போது சொல்கிறோம் என்றார்களாம். அடுத்து எடுத்தபோது அக்காவுக்கு முப்பத்தைந்து முடிந்திருந்தது.

"நீ மூணு தபா சொன்ன" என்று அக்கா ஒருநாள் சொன்னாள். அம்மாவுக்கு இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைச் சுற்றிப் புள்ளி வந்திருந்தால் எந்த வீட்டில் அதை வேறு மாதிரி படித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு லைனில் எல்லோருக்கும் புள்ளியின் அர்த்தம் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது ஹெச்ஆர் பிரிவுக்கும் தெரிந்துவிட்டது.

இப்போது நிலைமை இது. அக்கா வீட்டில் இருக்கிறாள். கும்மிடிப்பூண்டியில் அவள் ஏறி இறங்கிய இடங்களில் இந்த வயதுக்கு லைனில் வேலை இல்லை என்றார்கள். ஹவுஸ்கீப்பிங்கில் இடம் வந்தால் சொல்வதாக ஓர் ஏஜென்சி சொல்லியிருக்கிறது, இன்னும் சொல்லவில்லை. நான் அதே கம்பெனியில், அதே ஏஜென்சி மூலம் வேலை செய்கிறேன். திரை அதே இடத்தில் இருக்கிறது, அக்காவின் பெட்டி இருந்த இடத்தில் வேறொரு பெண்ணின் பெட்டி வந்துவிட்டது, அதற்கு வெட்டுக்கோடு. நான்காவது வகைக்கான வரி என் கோப்பில் அப்படியே இருக்கிறது. அந்த எண்ணை இப்போது யாரும் அனுப்புவதில்லை. வேலையைவிட்டு நிறுத்தப்போகிறவர்களுக்கும் இரண்டு என்றுதான் வருகிறது. யாரை என்று இப்போது எனக்கும் தெரிவதில்லை.